எண்பத்து நாலாம் பக்கத்து அடிக்குறிப்பு

என் பேர் அச்சில் ஏறியிருக்கிற புத்தகம் உலகத்திலேயே ஒன்றுதான். அதில் எண்பத்து நாலாம் பக்கம், அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது: தோ யாங்ரே, கல்மே கிராமம், கைப்பட எழுதிய நாட்குறிப்பு. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் எங்கள் கழுத்தை அறுத்தார்கள். அறுத்தார்கள் என்று அடுத்தவர்மேல் பழி போடுவதும் நியாயமில்லை. கத்தியைத் தீட்டி, துணியில் துடைத்து, கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி நீட்டியது நான்.

கல்மேயில் சேற்றுக்குப் போகிற பெண்கள் பதினோரு பேர். கடல் வற்றியதும் முட்டிவரை பூட்ஸ் மாட்டி, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு மட்டிச் சிப்பி தோண்டப் போவோம். மீனவர் சங்கத்தில் எங்களுக்கு நான்தான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். எழுதத் தெரிந்தவளும் சண்டை போடத் தெரிந்தவளும் ஒரே ஆளாக இருந்ததால் என் தலையில் கட்டிவிட்டார்கள். சேற்றிலிருந்து வந்ததும் ஈரக் கையோடு உட்கார்ந்து நோட்டில் நாலு வரி எழுதுவேன். பேனா மை ஈரத்தில் கரையும் என்பதால் எப்போதும் பென்சில். எந்தப் பக்கம் மட்டி பருமனாக இருந்தது, தண்ணீர் எப்படி இழுத்தது, இவ்வளவுதான் இருக்கும்.

தேதி நிலாக் கணக்கில். வேறு எந்தக் கணக்கில் எழுதுவது? அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஊரையே விழுங்குகிற மாதிரி ஏறி, கண்ணுக்கெட்டாத தூரம் இறங்கும். அரைநிலா சமயத்தில் குட்டைத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். ஆபீஸ்காரர்களின் காலண்டரைப் பார்த்துச் சேற்றில் இறங்கினால் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். பிறந்தநாள், திவசம், மட்டி எல்லாமே எங்களுக்கு நிலா. நோட்டில் 10-9 என்று இருந்தால் நிலாவின் பத்தாம் மாதம், ஒன்பதாம் நாள். இதை நோட்டு அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சோறு வாயால் சாப்பிடுவது என்று யாராவது எழுதி வைப்பார்களா?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் வடக்குக் கால்வாய் ஓரம் ஒரு கம்பெனி வந்தது. கிம்ச்சி ஊறுகாய்க்கான கோஸை உப்பில் ஊறவைத்து, பெட்டி பெட்டியாகப் பட்டணத்துக்கு அனுப்புகிற கம்பெனி. ஊறவைத்த உப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கால்வாயில் விட்டார்கள். கடலே உப்புதானே, கொஞ்சம் உப்பு சேர்ந்தால் என்ன என்று நானே கேட்டவள்தான். அது கடல் உப்பு இல்லை, ஊறுகாய் உப்பு. வற்றிக் கிடக்கிற சேற்றின்மேல் அது போய்த் தேங்கினால் அடியில் இருக்கிற மட்டி என்ன செய்யும்? குழாயைத் திறந்தது ஆபீஸ் காலண்டரில் நவம்பர் மூணாம் தேதி. ரிப்பன் வெட்டி, எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பெட்டி கோஸ் கொடுத்ததால் தேதி நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதிமூணு நாள் கழித்துக் கும்சிம் அக்கா என் சமையலறைக்குள் பூட்ஸைக் கழற்றாமல் வந்து நின்றாள். கும்சிம் அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. என்னைவிட ஏழு வயது மூத்தவள், புருஷனை இழந்தவள். மறுநாள் அவர் திவசம். படையல் சூப்புக்கு மட்டி எடுக்கத் தனியாக வடக்கே போயிருந்தாள்.

"யாங்ரே, வடக்கால எல்லாம் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்குதுடி."

"எது?"

"எதுன்னா, உன் வீட்டுக்காரரா? மட்டிதான். மிதிச்சா நொறுக் நொறுக்குன்னு வெறும் ஓடு. நாத்தம் வேற. அவருக்குப் படைக்க ஒரு கைப்பிடி உசிரோட கெடைக்கலடி."

கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். எல்லாம் வாய் திறந்தது. நான் அப்படியே நோட்டை எடுத்து எழுதினேன்: 10-9. வடக்குக் கால்வாய் ஓரம் மட்டி வாய் பிளந்து கிடக்கிறது. ஓடு காலில் நொறுங்குகிறது. தண்ணீர் இழுப்பே இல்லை. கும்சிம் அக்கா பார்த்தாள் என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது? செயலாளர் நோட்டு, செயலாளர் கண்ணால் பார்த்தது என்று ஒரு மிதப்பு. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

அடுத்த வருஷம் சியோலிலிருந்து யூரிம் வந்தாள். பான் யூரிம், முப்பது வயதுப் பெண், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. சேற்றுப் பெண்கள் கடலை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று எழுத வேண்டுமாம். என் வீட்டுப் பின்னறையில் மூன்று மாசம் தங்கினாள். சேற்றில் முதல் நாள் இறங்கி இரண்டு பூட்ஸையும் உள்ளேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள். ஆனால் வேலையில் ரொம்பச் சுத்தம். யார் எது சொன்னாலும் சொன்னவர் பேர், இடம், நாள் கேட்டு எழுதிக்கொள்வாள். பொரித்த மீன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட யார் பொரித்தது என்று கேட்பாள்.

ஒரு நாள் மத்தியானம் என் நோட்டுகளை எல்லாம் பரப்பிவைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நானும் கும்சிம் அக்காவும் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம்.

"சித்தி, இந்த 10-9ங்கறது தேதிதானே?"

"தேதி இல்லாம பின்ன என்ன, லாட்டரி நம்பரா?"

அவள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். கேள்வி அத்தோடு செத்துவிட்டது. அந்தப் பெண் சியோலில் பிறந்தவள், கைப்பேசியில் தேதி பார்க்கிறவள். அக்டோபர் ஒன்பது என்று எழுதிக்கொண்டாள். என் வாய்க்கு மட்டும் ஒரு பூட்டு இருந்திருந்தால் அவள் தேதியைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள். அடுத்துக் கேட்டது வேறு.

"மட்டி செத்துக் கெடந்தத நீங்களே பாத்தீங்களா சித்தி? யாராவது சொல்லி எழுதினீங்களா?"

பூண்டை உரித்துக்கொண்டே சொன்னேன். "நான்தான் பாத்தேன்."

கும்சிம் அக்கா கை ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள். யூரிம் போன பிறகு நானாகவே சொன்னேன், "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா." அவள், "உன் பேரு வந்தா என்ன, என் பேரு வந்தா என்னடி, எனக்கென்ன படிக்கவா தெரியும்?" என்றாள். அவளுக்குப் படிப்பு வராது. பஸ் நம்பர் பார்ப்பாள், தன் பேரைக் கிறுக்குவாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து யூரிமின் ஆய்வேடு தபாலில் வந்தது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. எண்பத்து நாலாம் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தாள். பிரித்தேன். நடுவில் என் வரி: 10-9, வடக்குக் கால்வாய் ஓரம் மட்டி வாய் பிளந்து கிடக்கிறது. அடியில் என் பேர். 'எழுதியவரே நேரில் கண்டது' என்று அதற்கும் பக்கத்தில். நான் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் 10-9ஐயும் சேர்த்துத்தான் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு 10-9 என்றால் நிலாதானே. முந்தின பக்கத்தில் 'குறிப்புகளின் தேதிகள் அனைத்தும் நடைமுறைக் காலண்டர்ப்படி' என்று ஒரு வரி இருந்ததாம். அந்தப் பக்கத்தில் என் பேர் இல்லை, அதனால் நான் அதைப் படிக்கவில்லை.

இந்த வருஷம் கம்பெனியின் அனுமதி முடிந்து, மறுபடி ஐந்து வருஷத்துக்குக் கேட்டார்கள். மாவட்ட ஆபீஸில் ஒரு குழு போட்டார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுக்கலாம், பிறகு விசாரணை. வடக்கே ஏற்கெனவே மட்டி இல்லை, செத்த சேறு. தெற்குப் பக்கம் மட்டும் பாக்கி. இன்னும் ஐந்து வருஷம் போனால் அதுவும் போகும். நாங்கள் கம்பெனியை மூடச் சொல்லவில்லை, நஷ்ட ஈடும் கேட்கவில்லை. குழாயின் வாயைத் தெற்குப் பாறைக்கு அப்பால், தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்துக்கு மாற்று, அது ஒன்றுதான். மாற்றினால் பதினோரு பேர் சேற்றுக்குப் போவோம். மாற்றாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்க்க வேண்டியதுதான்.

மாவட்ட ஆபீஸ் எதிரே நாம்குங் என்று ஒருவர் மனு எழுதித் தருகிறார். தலையில் முடி இல்லை, வாயில் ஓயாமல் இஞ்சி மிட்டாய். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"செயலாளரம்மா, இது செல்லாது."

"ஏன் செல்லாது? நான் என்ன கள்ள நோட்டா அடிச்சேன்?"

"வழக்கு போடுறதும் நீங்க, சாட்சி சொல்லுறதும் நீங்களா? நீங்க சொல்லுறதுக்கு நீங்க எழுதினதே ஆதாரம்னா எவன் ஏத்துப்பான்? மூணாவது ஆளு சொல்லணும். அச்சில இருக்கணும். பேரு, வருஷம், பக்கம். எந்த வரி எழுதினாலும் இது எங்க இருக்குன்னு விரல வெச்சுக் காட்டணும்."

எனக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம். ஓடிப்போய் வீட்டிலிருந்து கறுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டேன். எண்பத்து நாலைப் பிரித்துக் காட்டினேன். அவர் மிட்டாயைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு, "டாக்டர் பட்டம். பல்கலைக்கழகம். அடிக்குறிப்பு வேற. இதுதான் ஆதாரம்" என்றார். "உங்க நோட்ட மறந்துடுங்க. இதக் காட்டுங்க."

பத்து நாள் உட்கார்ந்து பதினாலு பக்கம் எழுதினேன். அவர் சொன்னபடி ஒவ்வொரு வாதத்துக்கும் கீழே ஆதாரம். 'உப்புத் தண்ணீரால்தான் மட்டி செத்தது. ஆதாரம்: பான் யூரிம், ஆய்வேடு, பக்கம் 84.' என் நோட்டை நானே அவள் வாயால் சொல்லவைத்து, அவளைப் பார் என்று கை காட்டினேன். மட்டி எந்த நாள் செத்தது என்று மறுபடி எழுதக்கூட இல்லை. அதுதான் எண்பத்து நாலில் இருக்கிறதே. நாம்குங் படித்துவிட்டு வக்கீல் எழுதினது மாதிரி இருக்கிறது என்றார். சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கும்சிம் அக்கா எனக்குக் கடலை வறுத்துக் கொடுத்தாள்.

விசாரணைக்குப் பதினோரு பேரும் ஒரே வேனில் போனோம். குழுவில் ஐந்து பேர், நடுவில் தலைவர். கம்பெனி சார்பில் மேங் என்று ஒரு பெண் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், சாம்பல் கோட்டு, மெதுவான குரல். எழுந்ததும் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு அந்த வணக்கமே ஒரு மாதிரி இருந்தது.

"மனுதாரர் ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். "சொன்ன எல்லாத்துக்கும் மூலம் காட்டியிருக்காங்க. முக்கியமான மூலம் பான் யூரிமோட ஆய்வேடு. அதோட நம்பகத்தன்மைய நாங்க மறுக்கல. நாங்களும் அதையேதான் ஆதாரமா எடுத்துக்கறோம்."

நான் கும்சிம் அக்காவை முழங்கையால் இடித்தேன். பார்த்தாயா என்று.

"எண்பத்து நாலாம் பக்கம். மட்டி செத்துக் கெடந்தது பத்தாம் மாசம் ஒன்பதாம் தேதி. எண்பத்து மூணாம் பக்கத்துல தேதியெல்லாம் நடைமுறைக் காலண்டர்னு ஆசிரியரே சொல்லியிருக்காங்க. அப்போ அது அக்டோபர் ஒன்பது. எங்க குழாயத் திறந்தது நவம்பர் மூணு. எங்க தண்ணி வர்றதுக்கு இருபத்தஞ்சு நாள் முன்னாடியே மட்டி செத்திருக்கு. இதச் சொன்னது நாங்க இல்ல. மனுதாரரோட சொந்த நாட்குறிப்பு."

உட்கார்ந்துவிட்டாள். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் அவள் சொன்னதே புரியவில்லை. யாருடைய அக்டோபர்? பிறகு புரிந்தது.

"அது நிலாத் தேதிங்கய்யா" என்றேன். எழுந்து நிற்கிறேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. "அக்டோபர் இல்ல. நவம்பர் பதினாறு. நாங்க எல்லாமே நிலாவுலதான் எழுதுவோம். ஊர்ல யார வேணா கேளுங்க."

தலைவர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என் பதினாலு பக்கத்தைப் புரட்டினார். "நிலாத் தேதின்னு எங்கம்மா எழுதியிருக்கு? விரல வெச்சுக் காட்டுங்க."

விரலை வைக்க இடமில்லை. பதினாலு பக்கத்திலும் இல்லை, ஆய்வேட்டிலும் இல்லை, நோட்டிலும் இல்லை.

"நோட்டுல அன்னைக்குத் தண்ணி இழுப்பு இல்லேன்னு எழுதியிருக்கேன்யா. அக்டோபர் ஒன்பது அந்த வருஷம் அமாவாசை. அமாவாசைக்கு எங்கயாவது தண்ணி சும்மா கெடக்குமா? அரைநிலாவுக்குத்தான் கெடக்கும்."

மேங் மெதுவாகச் சொன்னாள். "அந்த வரி ஆய்வேட்டுல மேற்கோளா இல்ல. மனுலயும் இல்ல. நோட்டு பென்சில்ல இருக்கு. எப்போ எழுதினதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அப்போது கும்சிம் அக்கா எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "அது எங்க வீட்டுக்காரர் திவசத்துக்கு மொத நாளு. படையலுக்கு மட்டி எடுக்க நான்தான் போனேன். நான்தான் பாத்தேன். இவ பாக்கல. அவரு செத்த நாளு கவர்மெண்டு புத்தகத்துல இருக்கும், எடுத்துப் பாருங்க, நிலாவுல பத்தாம் மாசம் பத்தாம் நாளுன்னு வரும்" என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். படிப்பு வராதவள், எங்கள் எல்லோரையும்விடப் பலமான ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் பூண்டு உரித்திருக்கிறாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "உண்மையா? அவங்கதான் பாத்தாங்களா?"

"ஆமாங்கய்யா."

"அடிக்குறிப்புல 'எழுதியவரே நேரில் கண்டது'ன்னு இருக்கே."

என்ன சொல்வது? இருக்கிறது. நான் சொன்னதால்தான் இருக்கிறது. மேங் அப்போது என்னைப் பார்க்கவில்லை, தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே என்மேல் பாவமாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பாவம்தான் தாங்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கூடுதல் விளக்கம் கொடுக்க ஏழு நாள் தந்தார்கள்.

அன்றைக்கே யூரிமுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் ஒரு தடவ கேட்டேன் சித்தி. தேதிதானேன்னு."

"கேட்ட. நான்தான் லாட்டரின்னேன்."

"இன்னொரு தடவ கேட்டிருக்கணும். பெருசா முன்னுரையில எழுதினேன், சேத்துப் பொண்ணுங்க நிலாவப் பாத்துதான் வாழறாங்கன்னு. அத எழுதின கையாலேயே தேதிய மாத்திப் போட்டிருக்கேன்."

உட்கார்ந்து திருத்தக் கடிதம் எழுதினாள். தேதிகளைத் தவறாகப் புரிந்துகொண்டது தன் பிழை என்று, கையெழுத்துப் போட்டு. அவள் ஒரு கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஆய்வேட்டில் பிழை என்று அவளே எழுதிக் கொடுத்தால் அந்த வேலை என்ன ஆகும் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்கு அந்தக் கடிதம் தேவைப்பட்டது. நானும் அந்த வருஷத்து ஓத அட்டவணையைத் துறைமுகத்தில் வாங்கினேன். அக்கா புருஷனின் இறப்புப் பதிவை எடுத்தோம். நிலாக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அவள் சொன்னபடியே பத்து, பத்து. எல்லாம் அச்சு, எல்லாம் முத்திரை. நாம்குங் அடுக்கி, நூல் போட்டுக் கட்டினார். மிட்டாய் நீட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை, நான்தான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்புக் கடிதம் வந்தது. திண்டாடித் திண்டாடித்தான் படித்தேன். ஆய்வேட்டில் தேதி பிழை என்று அதன் ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டதால் அதை இனி ஆதாரமாகக் கொள்ள முடியாதாம். மனு அந்த ஆய்வேட்டையே நம்பி எழுதப்பட்டிருக்கிறதாம். இறந்தவரின் தேதி சரியே, ஆனால் மட்டியைக் கண்டது அதற்கு முதல் நாள் என்று அந்தச் சமயத்தில் எழுதிய எதிலும் இல்லையாம். நாட்குறிப்பை எழுதியவர் தானே கண்டதாக ஆய்வாளரிடம் சொல்லி, விசாரணையில் மாற்றிச் சொன்னதால் அவருடைய மற்றக் குறிப்புகளையும் ஏற்க இயலவில்லையாம். ஆய்வேடு சரியென்றால் நாங்கள் தோற்றோம், தவறென்றாலும் நாங்கள் தோற்றோம். குழாய் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஐந்து வருஷத்துக்கு.

சேற்றைத் தோண்டிச் சோதித்தால் தெரியாதா என்று நாம்குங்கிடம் கத்தினேன். கம்பெனி சோதித்த தாள் கூடவே இருந்தது. கோஸ் வராத கோடைக்காலத்தில் எடுத்தது. சுத்தமான சேறு என்று முத்திரை போட்டிருந்தது. அவர், "அதுக்கு மூலம் காட்டியிருக்காங்கம்மா" என்றார். அவரை அடித்து என்ன பிரயோசனம்?

கும்சிம் அக்கா வந்து கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தாள், நான் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல உன் பேரு எங்கடி?"

விரலை வைத்துக் காட்டினேன். மூன்று இடத்தில் இருந்தது.

"என் பேரு?"

"இல்லக்கா."

"நான் பாத்தேன்னு சொன்னேனே. அது?"

"'ஊர்ப் பெண் ஒருவர்'னு போட்டிருக்காங்க."

தலையாட்டினாள். கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டிவிட்டால் காலில் விழுந்திருப்பேன். வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினாள். சேற்று பூட்ஸ் இல்லை, வெள்ளை ரப்பர் பூட்ஸ். புதுசு.

"எங்கக்கா?"

"கோஸ் அலச ஆளு எடுக்கறாங்களாம். தெற்கால மட்டி எத்தன நாளைக்கு வரும்? முதுகு நிக்கிற வரைக்கும் நின்னுக்கறேன்."

"அந்தக் கம்பெனியிலயா?"

"பின்ன வேற எந்தக் கம்பெனி இருக்கு இங்க? மட்டிக்குத்தான் உப்பு ஆகாது. எனக்கு ஆகும்."

போய்விட்டாள். வடக்குப் பக்கம் நடந்து போவதை வேலி மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து பழைய நோட்டை எடுத்தேன். 10-9. பென்சில் எழுத்து இன்னும் அழியாமல்தான் இருக்கிறது. இனி அது எந்தச் சபையிலும் செல்லாது, அதில் நான் என்ன கிறுக்கினாலும் கேட்க ஆளில்லை. பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: பார்த்தது கும்சிம் அக்கா, புருஷன் திவசத்துக்கு முதல் நாள். மை காயும்வரை நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.